ரூபாயின் ஓரத்தில் நாலு வெட்டு

கஜானாவில் காசைச் சோதிக்கிற ஷராப்பு வேலை என்றால், அடுத்தவர் காசை அடுத்தவர் முகத்துக்கு நேராகவே சந்தேகப்படுகிற வேலை. ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய பாவப்பட்ட ஜீவன்கள் உங்களில் யாராவது இருந்தால், அது எவ்வளவு மனக்கசப்பான பிழைப்பு என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தபாலாபீஸ் ஜன்னலோ, ரயில்வே டிக்கெட் ஜன்னலோ, எதுவானாலும் வெளியே நிற்கிறவருக்கு உள்ளே இருக்கிறவன் எதிரிதான்.

நான் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சில்லறை கிடைக்காமல் ஊரே தவித்தது. ரூபாயைக் கொடுத்துச் சில்லறை வாங்க, கடைக்காரர்கள் தள்ளிவிட்ட காசை மாற்ற என்று காலையிலிருந்தே கூட்டம் நிற்கும். வருகிற காசைக் கல்லில் சுண்டி ஓசை கேட்பேன். பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். அப்படியும் மனசு ஒப்பாவிட்டால் தராசில் வைப்பேன். காசு தானாகத் தேய்ந்திருந்தாலோ, எதிலாவது மாட்டி அடிபட்டிருந்தாலோ வாங்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கு ஆசைப்பட்டு யாராவது அரத்தால் ராவியிருந்தாலோ, திராவகத்தில் போட்டுக் கரைத்திருந்தாலோ, என் மேஜையோடு சேர்த்து இறுக்கியிருந்த பெரிய கத்தரியில் அதை இரண்டாக வெட்டி, கொண்டு வந்தவர் கையிலேயே துண்டுகளைக் கொடுத்துவிட வேண்டும். அதே ஆள் மறுபடியும் அதே மாதிரிக் காசோடு வந்து நின்றால், அவர் பெயர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்.

ஆக, ஒரு காசுக்கு என்ன ஆயிற்று என்று நான் கண்டுபிடிப்பதில் ஒருவருடைய மானம் அடங்கியிருந்தது. அந்தப் பொறுப்பைக் கொடுத்தவர்கள், காசுக்கு என்னென்னவெல்லாம் ஆகக்கூடும் என்பதை மட்டும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வரிசையில் நின்ற சனங்கள்தான் அதைச் சொல்லித் தந்தார்கள். அவற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

ஆடு வைத்திருந்த ரூபாய்

வேலையில் சேர்ந்து இரண்டாவது மாசம். திருவேங்கடத்துப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து ஒரு ஆட்டுக்காரர் வந்து ஒரு ரூபாயை நீட்டினார். இங்கிலாந்து ராஜாவின் மூக்கு, காது, கன்னம் எல்லாம் கரைந்து, முகம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குழி. திராவகம்தான் என்று பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டேன். புதுசாக வேலைக்கு வந்தவனுக்கு இருக்கிற மிடுக்கு எனக்கும் இருந்தது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இது எப்படி ஆச்சு?" என்று கேட்டேன். "ஆடு தின்னுட்டுய்யா" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. என்னைக் கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தரியின் கைப்பிடியைத் தூக்கியும் விட்டேன்.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று குண்டூசியால் எழுத்துகளின் இடுக்கைக் கிண்டினேன். கறுப்பும் பச்சையுமாக ஏதோ வந்தது. கண்ணாடியில் பார்த்தால், மென்று நைந்த புல் நார், அதோடு பொடி மணல். திராவகம் என்றால் இடுக்கையும் சேர்த்துத் தின்றிருக்கும். இதில் இடுக்கெல்லாம் அப்படியே இருந்தது, மேடுகள்தான் தேய்ந்திருந்தன. அப்புறம்தான் நிதானமாக விசாரித்தேன். மார்கழியில் காணாமல் போன ரூபாயாம். சித்திரையில் கோயில் கொடைக்கு ஆட்டை வெட்டியபோது வயிற்றுக்குள்ளிருந்து கிடைத்ததாம். நாலு மாசம் ஒரு வெள்ளாட்டின் இரைப்பைக்குள் புல்லும் மணலும் புரண்டு புரண்டு ஒரு சக்கரவர்த்தியின் முகத்தையே அரைத்துவிட்டிருக்கின்றன! நான் வாயைப் பிளந்துகொண்டு அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரியை மூடிவிட்டு வேறு ரூபாய் கொடுத்தபோது அவர் சொன்னார்: "நாலு மாசம் வயித்துக்குள்ள வச்சிருந்த ஆடு ஒண்ணும் சொல்லலை. அஞ்சு நிமிசம் கையில வச்சிருந்த நீங்க என்ன பாடு படுத்துதிய!"

கிரீடம் தாங்கிய பஸ்

சிவகிரி பஸ்ஸுக்கு அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காது. பின்பக்கம் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். அந்த பஸ்ஸின் மெக்கானிக் ஒரு நாள் கைநிறைய ஓட்டைக் காலணாவைக் கொண்டுவந்து கொட்டினார். செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்த யுத்தகாலக் காசு அது. ராஜாவின் தலை கூடக் கிடையாது, கிரீடம் மட்டும்தான். அத்தனை காசிலும் ஓட்டையைச் சுற்றி ஒரே மாதிரி நசுங்கல். கண்ணாடியில் பார்த்தேன். ஆறு பக்கம், ஆறும் ஒரே அளவு. ஏதோ கள்ள அச்சில் அடித்தது என்று பதறிப்போய்ப் பெரிய குமாஸ்தாவைக் கூப்பிட்டேன்.

பெரிய குமாஸ்தா எனக்கு மேலதிகாரி. சட்டப் புஸ்தகத்தில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். அவர் காசைப் பார்த்துவிட்டு, "கள்ளக் காசு அடிக்குதவன் ரூபாய் அடிப்பாம்வே. காலணாவா அடிப்பான்?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு நட்டை எடுத்துக் காசின்மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. இன்ஜின், சேஸ், சீட்டு என்று அந்த பஸ்ஸில் எங்கெல்லாம் நட்டு உண்டோ அங்கெல்லாம் வாஷராக உட்கார்ந்து உழைத்த காசுகள் அவை. நானும் எத்தனையோ தடவை அந்த பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். பள்ளத்திலும் மேட்டிலும் எங்களை உதிராமல் காப்பாற்றியது காலணாக் காசு என்று நினைத்தபோது உடம்பு ஒரு தரம் குலுங்கியது. "உனக்கு வேற வாஷரே கெடைக்கலையாப்பா?" என்று கேட்டேன். "கெடைக்காம என்ன அண்ணாச்சி? வாஷருக்குக் கடையில அரையணா கேக்கான். ராஜா காலணாவுக்கே தாராரு. எது சல்லிசு, நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஏலக்காய் வாசனை

கடையநல்லூரிலிருந்து துணி வியாபாரத்துக்கு வருகிற ஒரு பாய் கொடுத்த ரூபாயில் ஒரு பக்கம் ஆழமான, நேரான ஒரு பள்ளம். பின்பக்கம் தட்டையாக நசுங்கியிருந்தது. உளியால் வெட்டப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணருகே கொண்டுபோனபோது வாசனை வந்தது, ஏலக்காயும் சுண்ணாம்புமாக. நான் காசைக் கீழே வைத்துவிட்டு, "பாய், கண் பார்வை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். மனுஷர் திகைத்துப் போய்விட்டார். கண்ணில் புரை விழுந்திருந்தது அவருக்கு. வெற்றிலைப் பைக்குள் கைவிட்டுப் பாக்கு என்று நினைத்து ரூபாயை எடுத்துப் பாக்குவெட்டியில் வைத்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தியிருக்கிறார். ஒரு காசைக் கண்டு ஒருவர் கண்ணைச் சொன்னதில் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. அவர் அதை அதிக நேரம் நீடிக்க விடவில்லை. "காசு பொழச்சுக்கிட்டு அண்ணாச்சி. பாக்குவெட்டிதான் மவுத்தாப் போச்சு. அதுக்கு மாத்து இங்கன குடுப்பியளா?"

ரத வீதியில் இரண்டு பேர்

சித்திரைத் தேரோட்டம் முடிந்த மறுவாரம், தன் காட்டு மிளகாயை விற்க வந்த ஒரு சம்சாரி அப்பளம் மாதிரித் தட்டையாகிப்போன ஒரு ரூபாயைக் கொண்டு வந்தார். ரத வீதியில் ஒரு கடைக்காரர் மற்ற காசோடு சேர்த்துத் தள்ளிவிட்டாராம். "ரயிலு ஏறியிருக்கும் அண்ணாச்சி" என்றார் அவர். தட்டானின் சுத்தியலாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சுத்தியல் என்றால் அடி விழுந்த இடமெல்லாம் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ரயில் என்றால் இரண்டு பக்கமும் வழவழவென்று, ஒரே திசையில் நாக்கு மாதிரி நீண்டிருக்க வேண்டும். இதில் ஒரு பக்கம்தான் வழவழப்பு. மறுபக்கம் முழுக்கப் பொரிப்பொரியாக மேடு. மேலே இரும்பு, கீழே உளி கொத்திய கருங்கல். அந்த இரண்டுக்கும் நடுவில் இந்த ரூபாய் அகப்பட்டிருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டை ஏறினால் காசு வளையும், இப்படிப் பரவாது. அவ்வளவு பாரம் தேர்ச் சக்கரத்துக்குத்தான் உண்டு.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சம்சாரியையும் அழைத்துக்கொண்டு ரத வீதிக்குப் போனேன். தேர் திரும்புகிற முக்கில் வாறுகால் சாக்கடையின் மேல் பாவியிருந்த கற்களில் ஒவ்வொன்றாகக் காசை வைத்துப் பார்த்தேன். கஜானா உத்தியோகஸ்தனும் ஒரு சம்சாரியும் நடுத்தெருவில் முழங்கால் போட்டுத் தவழுவதைப் பார்க்கச் சின்னக் கூட்டமே கூடிவிட்டது. ஏழெட்டுக் கல் தாண்டி, ஒரு கல்லில் காசின் மேடும் கல்லின் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து பிடித்துக்கொண்டன. விரலால் தள்ளினால் அசையவில்லை. தேரின் முழுப் பாரமும், வடம் பிடித்த ஊர் சனத்தின் முழு இழுப்பும், ஒரு நொடி இந்த ஒரு ரூபாயின் மேல் நின்று போயிருக்கின்றன. சம்சாரி தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தி அந்தக் காசை வாங்கிக்கொண்டார். "கஜானாவுக்கு வாங்க, வேற ரூபாய் தாரேன்" என்றேன். அவர் பின்வாங்கிவிட்டார். "இதைக் குடுத்துட்டு வேற காசோட வீட்டுக்குப் போனேன்னா, எம் பொண்டாட்டி அடுத்த வருசம் என்னையத் தேருக்கு முன்னால படுக்கச் சொல்லுவா அண்ணாச்சி."

ஆவுடையம்மாள் கொண்டு வந்த ரூபாய்

இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்ததால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

நான் வேலையில் சேர்ந்த முதல் மாசமே, தறி ஓடுகிற தெருவிலிருந்து ஆவுடையம்மாள் என்று ஒரு அம்மாள் வந்தாள். நாற்பது வயசு இருக்கும். ஒரு முதலாளியிடம் நூல் வாங்கி, கூலிக்கு வேலை செய்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவள். சேலை முந்தியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த ரூபாயின் ஓரத்தில் வரிசையாக நாலு வெட்டு. மயிரிழை அகலம்தான், ஆனால் ஆழம். நாலும் ஒரே சாய்வில் இருந்தன. அரத்தின் முனையை வைத்து ராவி வெள்ளிப்பொடி எடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை.

"ஏம்மா, இது யாரு பண்ணினது?" என்று கேட்டேன். அவள் முகம் வெளிறிப் போயிற்று. வாயைத் திறக்கவில்லை. தப்பு செய்தவர்கள் முகம் இப்படித்தான் வெளிறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ரூபாயைக் கத்தரியில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினேன். துண்டுகள் கல்லில் விழுந்த சத்தத்தில் வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. அந்த அம்மாள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. இரண்டு பாதியையும் பொறுக்கி முந்தியில் முடிந்துகொண்டாள். போகும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எனக்கு நூலு தார எடத்துல மட்டும் சொல்லிராதிய அய்யா."

மறுபடியும்

நாலு மாசம் போயிருக்கும். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம், ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம். வரிசையில் ஆவுடையம்மாள் நின்றாள். என்னைக் கண்டதும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தவள், பின்னால் இருந்தவர்கள் நெருக்கியதால் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். வேறொரு ரூபாய். கடையில் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். ஓரத்தில் இந்தத் தடவை ஆறோ ஏழோ வெட்டு.

பெரிய குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டார். "ரெண்டாந்தடவை. காசை வெட்டும், பேரை எழுதும்" என்றார். கத்தரியில் காசை வைத்துவிட்டேன். ஆனால் இதற்குள் ஆடும் பஸ்ஸும் தேரும் எனக்குக் கொஞ்சம் புத்தி புகட்டியிருந்தன. வெளியே எடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அரம் ராவினால் பள்ளத்துக்குள் கீறல் இருக்கும், ஓரத்தில் பிசிறு நிற்கும். இங்கே கீறலும் இல்லை, பிசிறும் இல்லை. பள்ளத்தின் அடி உருண்டையாக, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. எந்த அரத்துக்கும் அந்த வழவழப்பு வராது. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இந்த வெள்ளியை அறுத்திருக்கிறது. முதல் ரூபாயில் இதை நான் பார்க்கவே இல்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் தவணை கொடுங்க" என்று பெரிய குமாஸ்தாவிடம் கெஞ்சினேன். "பதினோரு மணி. அதுக்குள்ள அரம் இல்லன்னா வேற என்னன்னு எனக்குக் காட்டும். காட்ட முடியலன்னா ஸ்டேஷனுக்கு எழுதிரும்" என்றார். போலீஸ் வாசலுக்கு வந்தால் முதலாளி நூல் தரமாட்டார். நூல் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "ஏம்மா, ஏதாவது சொல்லேன்" என்றேன். "திங்கக்கிழமை வரைக்கும் நூலு கெடைக்கும்லா அய்யா? அது போதும்" என்றாள்.

கன்னத்தில் ஒதுக்கிய பாதி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரூபாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தறித் தெருவுக்குப் போனேன். தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஆவுடையம்மாள் வாசலுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். சிட்டம் என்கிற நூல் கண்டிலிருந்து வரும் நூலைத் தறி ஓடத்துக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் சுற்றுவதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். வலது கை ராட்டையைச் சுற்றும், இடது கை ஓடுகிற நூலைப் பிடித்துக் கொடுக்கும். என்னைப் பார்த்த மாத்திரத்தில் அந்த இடது கை சட்டென்று வாய்க்குப் போய்த் திரும்பியது. ஒரு கன்னம் புடைத்துக்கொண்டது.

"அந்த ரூபாய் யாரு கொடுத்தது?" என்றேன். தலையாட்டல். "வீட்டுல அரம் இருக்கா?" இல்லை என்று தலையாட்டல். "வாயில என்ன?" ஒன்றுமில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அப்போதுதான் நான் அந்த இடது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் பழைய தழும்புகள், மயிரிழை மாதிரி, வரிசையாக, ஒரே சாய்வில். பையிலிருந்த ரூபாயை எடுத்து அந்த விரலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். விரலிலிருந்த சாய்வும் காசிலிருந்த சாய்வும் ஒன்றாகவே இருந்தன. நம்பினால் நம்புங்கள், எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நூல்! வெறும் பருத்தி நூல்!

"நான் எதையும் வெட்ட வரலைம்மா. வாயில இருக்கறதை எடு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் துப்பினாள். அரை ரூபாய். எட்டணா நாணயம் இல்லை, ஒரு ரூபாயில் பாதி. நான் வெட்டிப் போட்ட பாதி. அதன் வளைந்த ஓரத்தில் பள்ளங்கள். என் கத்தரி வெட்டிய நேர் ஓரத்திலும் புதுசாக இரண்டு பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. வெட்டுப்பட்டு ஒன்றுக்கும் உதவாமல் போன துண்டை எந்தத் திருடன் ராவப் போகிறான்? இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்புறம்தான் அவள் வாய் திறந்தாள். "நாளெல்லாம் புடிச்சா நூலு விரலை அறுக்கு அய்யா. துணி சுத்தினா சிக்குது. ரூபாயைப் புடிச்சுக்கிட்டா அதுக்கு மேல வழுக்கிக்கிட்டு ஓடுது. பள்ளம் விழுந்தா நூலு மாட்டி அந்துரும், அப்பம் திருப்பிப் புடிப்பேன். சுத்திப் பள்ளம் விழுந்துட்டுன்னா வேற ரூபாய் எடுத்துக்கிட்டு, பழசைச் செலவழிப்பேன்." எனக்குத் தாங்கவில்லை. "இதை அன்னைக்கே ஜன்னல்ல சொல்லியிருந்தா நான் வெட்டியிருக்க மாட்டேனேம்மா!" என்று கத்திவிட்டேன். அவள் மிரண்டு போய்ச் சொன்னாள்: "ராஜா தலையப் புடிச்சு நான் வேலை வாங்கினதுக்குத்தான் வெட்டினியன்னு நெனச்சேன். அதைப் போயி எப்படி அய்யா என் வாயால சொல்லுவேன்?"

பெரிய குமாஸ்தாவின் ரூபாய்

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நான் சொன்னதைப் பெரிய குமாஸ்தா நம்பவில்லை. "நூலு வெள்ளியை அறுக்குமா? எங்கன வந்து கதை விடுதீரு?" என்றார். நான் அதற்குத் தயாராக இருந்தேன். ஆவுடையம்மாள் ராட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். அவளை வராந்தாவில் உட்காரச் சொன்னேன். பெரிய குமாஸ்தா தன் சொந்தப் பணத்திலிருந்து மடிப்புக் கலையாத வேஷ்டி மாதிரி இருந்த ஒரு புது ரூபாயைக் கண்ணாடியில் நாலு தரம் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தார்.

அவள் சுற்றத் தொடங்கினாள். கூட்டம் சில்லறையை மறந்துவிட்டு அவளைச் சுற்றி நின்றது. முதலில் பிடி சரியாக அமையாமல் நூல் இரண்டு தடவை அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. ராட்டை ஓடுகிற சத்தமும் காசின் மேல் நூல் போகிற மெல்லிய கீச்சுச் சத்தமும்தான் கேட்டன. அந்த இடது கை அசையவே இல்லை. கல்லில் அடித்து வைத்த கை மாதிரி மணிக்கணக்காக அப்படியே நின்றது. அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க, வெள்ளி அறுபட்டதில் ஆச்சரியமில்லை என்று தோன்றியது எனக்கு. இதே மாதிரி எத்தனை நாள், எத்தனை காத தூரத்து நூல் அந்தப் பிடிக்குள் ஓடியிருக்கும்! அந்தக் கைக்கு எதிரே நான் கத்தரி பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய குமாஸ்தா ரூபாயை வாங்கிக் கண்ணாடியில் வைத்தார். நகத்தால் தடவிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கோடு, மயிரிழையிலும் மெல்லிசு, ஆனால் பளீரென்று மின்னியது. "சட்டத்துல அரம் இருக்குவே, திராவகம் இருக்கு, சுத்தியல் இருக்கு. நூலு இல்லையே!" என்று எதையோ பறிகொடுத்தவர் மாதிரிச் சொன்னார். பிறகு அவரே போய் அவளுடைய இரண்டாவது ரூபாய்க்கு நல்ல ரூபாய் எடுத்துக் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு எதுவும் எழுதவில்லை. முதலாளியிடமிருந்து நூலும் நிற்கவில்லை.

முதல் ரூபாய்க்கு என்ன செய்வது? வெட்டியதை ஒட்ட வைக்கச் சட்டத்தில் வழி கிடையாது. ஆவுடையம்மாள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது பின்னாலேயே ஓடி, என் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "அது கெடக்கட்டும் அய்யா. நீங்க வெட்டினது ரெண்டு பாதியாச்சுல்லா? ஒண்ணு எனக்கு, ஒண்ணு எம் மூத்த மவளுக்கு. அவளும் இந்த மாசந்தான் தார் சுத்த உக்காந்திருக்கா. அவ விரலாவது அறுபடாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ராட்டையோடு படி இறங்கிப் போனாள்.

அந்த ஜன்னலில் பதினாலு வருஷம் உட்கார்ந்து பார்த்ததில், என் கைக்கு வந்த காசுகளிலேயே மிக மோசமாகச் சேதமானவை நானே வெட்டியவைதான் என்று நான் கண்டுபிடித்து முடிக்கவும், எனக்கு வேறு ஆபீசுக்கு மாற்றல் உத்தரவு வரவும் சரியாக இருந்தது.